பழைய டிரெய்லரின் வாட்டர் ஹீட்டர்: கழற்றி, கழுவி, மறுபடி பற்ற வைத்தது

பழைய டிரெய்லரில், அதாவது காரின் பின்னால் இழுத்துப் போகும் தங்கும் வண்டியில், வெந்நீர் சரியாக வரவில்லை என்று சொன்னால் ஆளுக்கு ஒரு பாகத்தை மாற்றச் சொல்வார்கள். ஒருவர் கேஸைப் பற்ற வைக்கும் இக்னிஷன் போர்டு என்பார், அடுத்தவர் தெர்மோஸ்டாட் என்பார், மூன்றாமவர் ஹீட்டரையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டச் சொல்வார். எனக்கு இந்தப் பாகம் மாற்றும் வைத்தியத்தில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. வயதான ஹீட்டரில் தகராறு செய்வது பெரும்பாலும் பாகம் அல்ல, அதன் மேல் படிந்திருப்பதுதான். உப்பு, துரு, கரி, குளவி மண், பச்சை பூத்த கம்பி முனை. இந்த முறை என் வண்டியின் ஹீட்டரை மொத்தமாகப் பிரித்துச் சர்வீஸ் செய்ததில் வாங்கியது ஒரு ஆனோடு ராடு (டேங்க் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் உலோகத் தண்டு), ஒரு சுருள் டெஃப்லான் டேப், ஒரு இரும்புப் பிளக், பிறகு நிறைய வினிகர். அவ்வளவுதான்.

புகார்கள் நான்கு இருந்தன. கேஸில் போட்டால் பற்றிக்கொண்டு, சில நொடியில் அணைந்துவிடும். எதில் சூடாக்கினாலும் குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வரும். அழுத்தம் மீறினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்விலிருந்து தண்ணீர் சொட்டும். கடைசியாக, வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை.

முதலில் ஹீட்டரைப் பற்றி. இது சபர்பன் எஸ்டபிள்யூ6டிஇ. 6 கேலன் டேங்க், நம் கணக்கில் 23 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கேஸ் பர்னர் மணிக்கு 12,000 பிடியூ வெப்பம், மின்சார எலிமென்ட் 1,440 வாட். இரண்டையும் தனித்தனியாகவும் போடலாம், அவசரம் என்றால் சேர்த்தும் போடலாம். கையில் இருப்பது எந்த ஹீட்டர் என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள் என்பேன். காரணம், பழைய டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது இரண்டு வகை. சபர்பனின் டேங்க் எஃகு. உள்ளே கண்ணாடிப் பூச்சு. அதற்கு ஆனோடு ராடு கட்டாயம் வேண்டும். ஆட்வுட் டேங்க் அலுமினியம். உட்புறத்தில் துத்தநாகம் கலந்த மெல்லிய அலுமினியப் படலமே அரிப்பைத் தாங்கிக்கொள்ளும்படி செய்தது. அதற்கு ஆனோடு கிடையாது, அடியில் ஒரு நைலான் பிளக் மட்டும் இருக்கும். ஆட்வுட்டை 2014-ல் டொமெட்டிக் வாங்கிவிட்டது, அதனால் அந்தப் பேரிலும் பார்க்கலாம். சபர்பனில் நைலான் பிளக்கைப் போட்டு ஓட்டுவதும், ஆட்வுட்டில் பித்தளைப் பிளக்கைத் திருகுவதும் நடக்கிற கூத்துதான். முதலாவதில் எஃகு டேங்க் பாதுகாப்பில்லாமல் அரிக்கும், இரண்டாவதில் பித்தளையைத் தொட்ட இடத்தில் அலுமினியம் கரையும்.

வேலை தொடங்கும் முன் அணைப்பது ஒரு பெரிய சடங்கு, ஆனால் இதில் சுருக்குவழி இல்லை. உள்ளே கேஸ் சுவிட்ச், மின்சார சுவிட்ச் இரண்டையும் அணைத்து, பேனலில் ஹீட்டரின் பிரேக்கரையும் இறக்கினேன். சிலிண்டர் வால்வை மூடினேன். பம்ப்பை நிறுத்தி, வெளியிலிருந்து வரும் தண்ணீர் ஹோஸையும் கழற்றினேன். பிறகு இரவு முழுக்க ஆறவிட்டேன். டேங்கில் 54 டிகிரியில் இருக்கிற தண்ணீர், அழுத்தத்தோடு, ஒரு கட்டைவிரல் அகல ஓட்டை வழியாக, நம் மார்புக்கு நேரே வெளியே வரும் என்பதை யோசித்துப் பார்த்தால் அவசரம் தானாக அடங்கும். காலையில் உள்ளே வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே ரிலீஃப் வால்வின் நெம்புகோலைத் தூக்கினேன். உஸ்ஸென்று கொஞ்சம் காற்று, கொஞ்சம் தண்ணீர், அப்புறம் அமைதி. அழுத்தம் இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆனோடின் தலைக்கு 1-1/16 அங்குல சாக்கெட் வேண்டும். 27 மில்லிமீட்டரும் பொருந்தும். சின்ன ராட்செட்டால் முடியாது, நீளமான பிரேக்கர் பார்தான் சரி. திரட்டில், அதாவது திருகுப் புரியில், வெள்ளையும் பழுப்புமாக உப்புக் கட்டி நின்றிருந்தது. துருவிளக்கி எண்ணெய் தெளித்து, அது ஊறும் வரை கதவின் கீல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பாரை மாட்டி, இழுக்காமல், உடம்பின் கனத்தைச் சீராகக் கொடுத்தேன். டக் என்று ஒரு சத்தம். பலருக்கு இதைக் கேட்டதும் தலை உடைந்துவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கும். திரட்டு விடுபடும்போதும் இதே சத்தம்தான் வரும். பக்கத்தில் நின்றபடியே கையால் திருகி முழுதும் எடுத்தேன். நேர் எதிரே நிற்கக் கூடாது.

வெளியே வந்ததைப் பார்க்க வேண்டுமே. புதிய ராடு வழவழப்பாக, கட்டைவிரல் பருமனில், ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருக்கும். என்னுடையது நடுவில் ஓடும் மெல்லிய இரும்புக் கம்பியாக மட்டுமே மிச்சமிருந்தது. அந்தக் கம்பியில் மூன்று இடத்தில் சாம்பல் நிறக் கட்டிகள், தொட்டால் மாவாக உதிர்ந்தன. நுனி ஒடிந்து டேங்குக்குள்ளேயே விழுந்திருந்தது. தலைப்பக்கம் மட்டும் ஒரு விரற்கடை அளவு மெக்னீசியம் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் கரையான் அரித்த கட்டை போலப் பள்ளம் பள்ளமாக.

இந்த ராடு அழிவதற்காகவே இருப்பது. கண்ணாடிப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும். அங்கே எஃகு தண்ணீரைத் தொடும். தண்ணீரில் எஃகும் மெக்னீசியமும் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருந்தால், அதிக வினைத்திறன் உள்ள மெக்னீசியம் முதலில் கரையும், எஃகு தப்பிக்கும். மெக்னீசியம் தீர்ந்துவிட்டால் அடுத்த முறை எஃகுதான். முக்கால்வாசி தேய்ந்ததும் மாற்றச் சொல்வார்கள். கம்பி தெரியும் வரை விட்டிருந்தது முந்தைய சொந்தக்காரரின் காலத்துக் கணக்கு. அவர் இதை ஒரு முறையாவது கழற்றியிருப்பாரா என்பதே சந்தேகம்.

ஆனோடு ஓட்டை டேங்கின் அடியோடு ஒட்டி இல்லை, கொஞ்சம் மேலே இருக்கிறது. அதனால் தானாக வடிவது போக ஒன்றிரண்டு லிட்டர் உள்ளே தங்கும், கசடும் அதில்தான் உட்காரும். டிரெய்லரின் முன் ஜாக்கையும் சக்கரத்தின் கீழ் பலகையையும் வைத்து வண்டியை ஹீட்டர் பக்கமாகச் சற்றே சாய்த்தால் இன்னும் கொஞ்சம் வடியும். மிச்சத்துக்கு வளைந்த மூக்குள்ள கழுவும் குழாய் ஒன்று விற்கிறார்கள். தோட்ட ஹோஸின் முனையில் மாட்டி, ஓட்டைக்குள் விட்டு, நாலா பக்கமும் பீய்ச்ச வேண்டும். முதலில் பழுப்புத் தண்ணீர், பிறகு முட்டை ஓட்டை நொறுக்கினாற்போல வெள்ளைச் சில்லுகள், அவற்றோடு அந்த ஒடிந்த கம்பி நுனி. சில்லு வருவது நின்றதும் டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். பூச்சு பெரும்பாலும் நீலச் சாம்பலாகப் பளபளத்தது. எலிமென்டின் மேல் மட்டும் தடிமனான உப்புக் கோட்டு.

இந்த இடத்தில் வினிகர். சாதாரண வெள்ளை வினிகர் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. 6 கேலன் டேங்குக்கு 4 கேலன் வினிகர், 2 கேலன் தண்ணீர். ஆனோடு ஓட்டையில் சாதாரண 3/4 அங்குல இரும்புப் பிளக்கைத் தற்காலிகமாகப் போட்டேன். புது மெக்னீசியம் ராடைப் போட்டுவிட்டு அதன் மேல் அமிலத்தை ஊற்றுவதில் பொருளில்லை. வண்டியின் பம்ப்பில், குளிர்காலத்தில் குழாய்கள் உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸ் திரவத்தை உறிஞ்சுவதற்கென்று ஒரு சின்னக் குழாய் உண்டு. அதைக் கேனில் விட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, பம்ப்பை ஓட்டினால் கலவை நேராக டேங்குக்குப் போய்விடும். குழாயில் வினிகர் வாடை வந்ததும் நிறுத்தினேன். ஒரு முறை சூடாக்கி, இரவு அப்படியே விட்டு, மறுநாள் வடித்துக் கழுவினேன். வந்த தண்ணீர் பால் மாதிரி இருந்தது. எலிமென்டின் உலோகம் அப்போதுதான் கண்ணில் பட்டது.

வாடைக்கும் இங்கேயே முடிவு கட்டிவிடலாம். தண்ணீரில் உள்ள சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் டேங்கில் குடியேறினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். மெக்னீசியம் ஆனோடு இருந்தால் அவற்றுக்கு இன்னும் கொண்டாட்டம். தேங்கி நின்ற டேங்கில் இது சகஜம். 15 கேலன் தண்ணீருக்கு கால் கப் வாசனை கலக்காத வீட்டு பிளீச், அதாவது 57 லிட்டருக்கு 60 மில்லி. இதைத் தொட்டியில் கலந்து எல்லாக் குழாய்களிலும் பிளீச் வாடை வரும் வரை ஓட்டி, சில மணி நேரம் நிறுத்தி வைத்து, வாடை போகும் வரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஒரே ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் சத்தமாகவே சொல்கிறேன்: வினிகரை முழுக்கக் கழுவி வெளியேற்றாமல் பிளீச்சை உள்ளே விடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. நான் வினிகர் நாளுக்கும் பிளீச் நாளுக்கும் இடையில் டேங்கைத் திரும்பத் திரும்ப நிரப்பி வடித்தேன். இதற்குப் பிறகும் வாடை திரும்பத் திரும்ப வருகிறவர்கள் அலுமினிய ஆனோடுக்கு மாறிப் பார்க்கலாம். என் வண்டியில் அதற்குத் தேவை வரவில்லை, மெக்னீசியத்தையே போட்டேன்.

புது ராடின் திரட்டில் டெஃப்லான் டேப் இரண்டு மூன்று சுற்று. டேப் சுற்றினால் டேங்குக்கும் ராடுக்கும் மின்தொடர்பு அறுந்துவிடும், ஆனோடு வேலை செய்யாது என்று ஒரு வாதம் வெகுகாலமாக ஓடுகிறது. வாதம் செய்வதை விட மீட்டர் வைத்துப் பார்ப்பது சுலபம். டேங்க் காலியாக இருக்கும்போதே ராடை முறுக்கி, மல்டிமீட்டரின் ஒரு முனையை ராடின் தலையிலும் மற்றதை டேங்கின் உலோகத்தில் சுரண்டிய ஒரு புள்ளியிலும் வைத்தேன். பீப் என்றது, ஓம் கிட்டத்தட்ட பூஜ்யம். முறுக்கும்போது திரட்டு டேப்பை வெட்டிக்கொண்டுதான் உட்காருகிறது. கையால் முதல் நாலைந்து சுற்று சுகமாகப் போக வேண்டும். பாரை மாட்டித்தான் தொடங்க முடிகிறது என்றால் திரட்டு மாறி ஏறுகிறது, உடனே எடுத்துவிடுங்கள். கசியாத அளவுக்கு முறுக்கினால் போதும். அடுத்த வருடம் கழற்றப் போவதும் நாம்தானே.

அடுத்தது சொட்டும் ரிலீஃப் வால்வு. இந்த ஒரு பாகத்தைத்தான் மக்கள் அநியாயமாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். வால்வு 150 பிஎஸ்ஐ அழுத்தத்திலோ 210 ஃபாரன்ஹீட் வெப்பத்திலோ திறக்கும்படி செய்தது. 99 செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் சாதாரணமாக ஓடும்போது வெப்பம் அங்கே போவதில்லை. போவது அழுத்தம். 10 டிகிரித் தண்ணீரை 54 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய நூற்றுக்கு 1.4 பங்கு விரியும். 23 லிட்டருக்கு அது 300 மில்லிக்கு மேல், ஒரு பெரிய டம்ளர் அளவு. அந்த டம்ளர் தண்ணீர் எங்கே போகும்? வந்த வழியே திரும்ப முடியாது. பம்ப்பிலும் வெளி இணைப்பிலும் தண்ணீர் பின்னால் போகாமல் தடுக்கும் வால்வுகள் இருக்கின்றன. அதனால்தான் டேங்கின் மேற்பகுதியில் கொஞ்சம் காற்று அடைபட்டு நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் விரியும்போது அந்தக் காற்று அமுங்கி இடம் கொடுக்கும். நாளாக ஆக காற்று தண்ணீரில் கரைந்து போய்விடுகிறது. அப்புறம் அமுங்க எதுவும் இல்லை, அழுத்தம் எகிறுகிறது, வால்வு தன் கடமையைச் செய்து சொட்டுகிறது.

காற்றைத் திரும்ப அடைக்கச் செலவே இல்லை. ஹீட்டரை அணைத்து ஆறவிட்டு, தண்ணீர் வரத்தை நிறுத்தி, உள்ளே வெந்நீர்க் குழாய் ஒன்றைத் திறந்து வைத்து, வால்வின் நெம்புகோலை நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மேல்மட்டத்துத் தண்ணீர் வடிந்து, ஓட்டம் தானாக நிற்கும். நின்றதும் நெம்புகோலை டப்பென்று விட்டு, குழாயை மூடி, தண்ணீரைத் திறந்து சூடாக்கிப் பார்க்கலாம். எனக்குச் சொட்டு நின்றது. இதைச் செய்தும் நிற்கவில்லை என்றால் வால்வின் உட்காரும் இடத்தில் உப்புத் துணுக்கு சிக்கியிருக்கும். நெம்புகோலை இரண்டொரு முறை தூக்கிவிட்டால் துணுக்கு அடித்துக்கொண்டு போகலாம். அதற்கும் மசியாவிட்டால் வால்வை மாற்றியே தீர வேண்டும். சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைப்பது மட்டும் எக்காலத்திலும் கூடாது. அடைத்த டேங்க் வெடிகுண்டு.

எலிமென்டுக்கு வருகிறேன். சபர்பனில் இது வெளிப்பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. பிரேக்கர் இறங்கியிருப்பதை மீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, கம்பிகளைக் கழற்றி, இரண்டு திருகுகளுக்கு இடையே ஓம் பார்த்தேன். 120 வோல்ட்டில் 1,440 வாட் என்றால் 12 ஆம்பியர், மின்தடை 10 ஓம். மீட்டர் பத்தை ஒட்டியே காட்டியது. ஒரு முனைக்கும் டேங்க் உலோகத்துக்கும் இடையே தொடர்பே இல்லை. ஆக எலிமென்ட் நலம். எரிந்துபோனது என்றால் தொடர்பே காட்டாது, மீட்டர் அசையாமல் இருக்கும். எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: டேங்கில் தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போடுவது. காற்றில் நிற்கும் எலிமென்ட் சூட்டைக் கொடுக்க இடமில்லாமல் மளமளவென்று சிவந்து அறுந்துவிடும். ஹீட்டரின் வெளிமூலையிலேயே ஒரு குட்டிக் கறுப்பு சுவிட்ச் இருக்கிறது. டேங்கை வடித்த நாளில் அதையும் அணைத்து, அதன் மேல் ஒரு துண்டு ஒட்டு நாடாவை ஒட்டிவிடுவேன். வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் ஓடும் வரை நாடா போகாது.

கரண்டில் சூடாக எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. 12 டிகிரியிலிருந்து 54 டிகிரிக்கு 23 லிட்டரை ஏற்ற 1,440 வாட்டுக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். முகாமில் மின்னழுத்தம் 105 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே எலிமென்ட் 1,100 வாட்தான் கொடுக்கும்; ஒரு மணி நேரம் ஆகும். அது ஹீட்டரின் குற்றம் அல்ல. என் ஹீட்டர் கணக்குப்படிதான் சூடாக்கியது. ஆனால் குழாயில் வெதுவெதுப்பு.

டேங்க் கொதிக்கிறது, குழாயில் வெதுவெதுப்பு என்றால் எங்கேயோ பச்சைத் தண்ணீர் கலக்கிறது. பார்க்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, ஹீட்டரின் பின்னால், தண்ணீரை டேங்குக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு. குளிர்காலத்துக்காகத் திருப்பியது பாதியில் நின்றிருந்தால் குளிர்ந்த தண்ணீர் டேங்குக்குப் போகாமல் நேராக வெந்நீர்க் குழாயில் சேர்ந்துவிடும். என்னுடையது முழுக்க மூடியே இருந்தது. இரண்டாவது, வண்டியின் வெளிப்புற ஷவர். அதில் சூடு, குளிர் இரண்டு குமிழ்களும் திறந்திருக்க, கைப்பிடியின் பொத்தானை மட்டும் யாரோ அமுக்கி அடைத்திருந்தார்கள். வெளியே ஒரு சொட்டு வராது, ஆனால் உள்ளே இரண்டு குழாய்களும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டிருக்கும். இரண்டு குமிழையும் மூடினேன். உள்ளே குழாயில் கை வைக்க முடியாத சூடு. புது தெர்மோஸ்டாட் வாங்கும் செலவு மிச்சம்.

கடைசியாகக் கேஸ் பக்கம். இங்கே அவசரப்படாமல் ஒரு முழுக் காலையை ஒதுக்கினேன். வெளிக் கதவைத் திறந்து பர்னர் குழாயைக் கழற்றினால், உள்ளே விரல் பருமனுக்கு ஒரு மண் உருளை. குளவிக் கூடு. பல அறைகளாக, நேர்த்தியாகப் பூசியிருந்தது. உள்ளே காய்ந்த சிலந்திகள். கேஸில் கசிவு தெரிவதற்காகக் கலக்கும் மெர்காப்டன் வாடைக்குச் சிலந்திகள் வரும் என்பார்கள், சிலந்தியைத் தேடிக் குளவி வருகிறதோ என்னவோ. பாட்டில் கழுவும் நீள பிரஷை விட்டுச் சுரண்டி, காற்றடித்து எடுத்தேன். வெளிவாயிலும் புகைவழியிலும் தேய்த்தேன். கதவின் சல்லடைக்கு உள்ளே இன்னொரு நெருக்கமான வலை போட்டால் பூச்சி வராது என்று விற்கிறார்கள். காற்று உள்ளே போகவும் புகை வெளியே வரவும் இருக்கிற ஒரே வழியைக் குறைப்பதில் எனக்கு இஷ்டமில்லை. வருடத்துக்கு ஒரு முறை பிரஷ் போதும்.

ஜெட்டை, அதாவது கேஸ் வெளிவரும் பித்தளைத் துளையை, கம்பியாலோ ஊசியாலோ குத்தக் கூடாது. துளையின் அளவு ஒரு துளி பெரிதானாலும் கேஸ் அதிகமாகப் போய்க் கரி கட்டும். ஆல்கஹாலில் ஊறவைத்து, காற்றில் காயவைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டம் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரிந்தது.

அணைந்துபோகிற வியாதிக்கு வைத்தியம் வேறு இடத்தில் இருந்தது. இந்த ஹீட்டரில் போர்டு பொறி கொடுத்து, கேஸ் வால்வைத் திறந்து, தீ பிடித்ததா என்று பார்க்கும். எப்படிப் பார்க்கும்? பொறி விடும் கம்பியான எலெக்ட்ரோடிலிருந்து ஜுவாலையின் ஊடாக பர்னருக்கு ஒரு மிகச் சின்ன மின்னோட்டம் போகும். அது தெரிந்தால் தீ இருக்கிறது என்று அர்த்தம். எலெக்ட்ரோடில் கரி படிந்தாலோ, பர்னரிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் தொடர்பு துருப்பிடித்தாலோ, தீ கொழுந்துவிட்டு எரிந்தாலும் போர்டுக்கு அது தெரியாது. பாதுகாப்பாக வால்வை மூடிவிடும். நம் கண்ணுக்குப் போர்டு கெட்டது போலத் தோன்றும். ஆகவே மெல்லிய உப்புத்தாளால் எலெக்ட்ரோடின் கம்பியைத் தேய்த்து, பர்னருக்கும் அதற்கும் இடைவெளியை 3 மில்லிமீட்டராக, அதாவது 1/8 அங்குலமாகச் சரிசெய்து, எர்த் திருகைக் கழற்றிப் பளிச்சென்று வரும் வரை சுரண்டி மறுபடி இறுக்கினேன். போர்டைக் கழற்றி, அதன் விளிம்பில் உள்ள செம்புப் பட்டைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்த்ததும் அழிப்பான் கறுத்துவிட்டது. கனெக்டரின் வாய்க்குள் தொடர்பு சுத்தம் செய்யும் ஸ்பிரே ஒரு அமுக்கு.

கறுப்பு ரப்பர் மூடிக்கு அடியில் தெர்மோஸ்டாட்டும், அளவுக்கு மீறிய சூட்டில் துண்டிக்கும் இசிஓவும் இருக்கின்றன. தெர்மோஸ்டாட் 130 ஃபாரன்ஹீட்டில், அதாவது அந்த 54 செல்சியஸில், நிறுத்தும், இசிஓ 180-ல் துண்டிக்கும். இரண்டு ரீசெட் பொத்தான்கள், கேஸுக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. இரண்டையும் அமுக்கிப் பார்த்தேன், எதுவும் விழுந்திருக்கவில்லை. விழுந்திருந்தால் அமுக்கிவிட்டு மறந்துவிடக் கூடாது. ஏன் சூடு ஏறியது என்று தேட வேண்டும்.

எல்லாவற்றையும் மாட்டி, சிலிண்டரைத் திறந்து, நான் பிரித்த ஒவ்வொரு இணைப்பிலும் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நுரையைத் தடவினேன். ஒரு இணைப்பில் சின்னச் சின்னக் குமிழ்கள் எறும்பு வரிசை போல எழுந்தன. அரைக்கால் சுற்று இறுக்கியதும் நின்றன. அம்மோனியா, குளோரின் கலந்த சோப்பு வேண்டாம், பித்தளையில் அது விரிசல் விழ வைக்கும். பிறகு உள்ளே அடுப்பைப் பற்ற வைத்து, தீ நிதானமாக எரியும் வரை காத்திருந்தேன். குழாயில் உள்ள காற்று இப்படி வெளியேறிவிட்டால் ஹீட்டர் முதல் பொறியிலேயே பிடிக்கும்.

சுவிட்சைப் போட்டதும் டிக் டிக் என்று பொறி, வால்வு திறக்கும் க்ளக், அப்புறம் உறுமல். ஜுவாலை முதலில் நுனியில் மஞ்சளாக ஆடியது. காற்று ஷட்டரைக் கால் பங்கு திறப்பிலிருந்து துளித்துளியாக நகர்த்தினேன். மஞ்சள் என்றால் காற்று போதவில்லை, கரி கட்டும். ஜுவாலை பர்னரை விட்டு எகிறிக் கத்தினால் காற்று அதிகம். நடுவில் ஒரு இடத்தில் நீலம் இறுகி, உறுமல் ஒரே சீராக மாறியது. அங்கே திருகை இறுக்கினேன். அணையவில்லை. பிறகு புகைவாயைச் சுற்றிலும் சுவரைப் பார்த்தேன், புதுக் கரி இல்லை. வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் சோதனைப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தேன். அதற்கும் காலாவதித் தேதி உண்டு, பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

குளிர் வந்து வண்டியை நிறுத்தும்போது ஆனோடைக் கழற்றி, டேங்கை வடித்து, ஓட்டையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பைபாஸைத் திருப்பிய பிறகுதான் குழாய்களில் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஓட்ட வேண்டும். திருப்பாமல் ஓட்டினால் 6 கேலன் ஆன்டிஃப்ரீஸ் டேங்குக்கே போய்விடும். கழற்றிய ராடை ஒரு பையில் போட்டு, எலிமென்ட் சுவிட்ச் மேல் ஒட்டிய நாடாவோடு சேர்த்துத் தொங்கவிட்டால் அடுத்த பருவத்தில் இரண்டையும் ஒன்றாகவே பார்ப்போம்.

பாக்கி ஒன்று இருக்கிறது. ஹீட்டரின் பின்னால், வெந்நீர் வெளியேறும் இடத்தில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு பிளாஸ்டிக் செக் வால்வு உண்டு. உப்புச் சில்லு சிக்கினால் வெந்நீர் மட்டும் ஒல்லியாக வரும். இத்தனை சில்லு கிளம்பிய பிறகு அதைப் பார்க்காமல் விடக் கூடாது. அதற்குக் கட்டிலுக்கு அடியில் உள்ள பலகையைக் கழற்ற வேண்டும். குழாயில் ஓட்டம் இப்போதைக்கு நன்றாகவே இருக்கிறது, அதனால் பலகையைத் தொடவில்லை. ஓட்டம் குறைந்தால் முதலில் அதைத்தான் திறப்பேன்.